வலது கன்னம்

இருபதாவது முகம் காலை வாரிவிட்டது.

தோல் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அதேதான். லேசர் போட்ட வலது கன்னம் முன்னைவிடக் கறுத்திருந்தது. ஒன்றும் செய்யாத இடது கன்னம் தெளிந்திருந்தது.

போதாக்குறைக்கு, இன்று எடுத்த இரண்டாவது படத்தில் ஆள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கக் கூடாது என்று கேமராவுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

முகத்துக்குச் சொந்தக்காரர் எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாலைக்குத் தார் போடுகிறவர். இருபத்தாறு வருட வெயில் கன்னத்தில் திட்டுத் திட்டாகக் குடியிருந்தது.

ஆராய்ச்சி இதுதான். வெயிலில் கறுத்த இருபது முகங்கள். வலது பாதிக்கு லேசர். பிறகு மூன்று மாதம், தினமும் காலையில் வெயில் தாங்கும் கிரீம்; போடாவிட்டால் லேசர் பட்ட தோல் வெயிலில் இன்னும் கறுக்கும். இடது பாதியை யாரும் தொடக் கூடாது. அப்போதுதான் ஒப்பிட்டுப் பேச முடியும்.

பத்தொன்பது முகங்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. இருபது இருந்தால்தான் மேலிடம் ஏற்றுக்கொள்ளும். ஒன்று குறைந்தாலும் இரண்டு வருட உழைப்பு அலமாரிக்குப் போய்விடும். இன்றைக்குக் கடைசி நாள்.

"கிரீமை மொகத்துல போட்டீங்களா, இல்ல பல்லு வெளக்குனீங்களா?"

தார்க்காரர் கதவைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி நின்றிருந்தாள்.

கிரீம் போடுகிறவள் அவள்தான். தார்க் கையால் தொடாதீர்கள், வீட்டில் யாராவது போட்டுவிடட்டும் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று அவர் மென்று விழுங்கினார். ஆறு வருடமாக மனைவி அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. நர்ஸ் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? போன் போட்டு மனைவியிடமே சொல்லிவிட்டாள்.

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டரம்மா. வலது பக்கம்னாங்க, வலது பக்கந்தான் போட்டேன்" என்றாள் மனைவி. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வேணும்னா பாத்துக்குங்க."

விடுவிடுவென்று வந்து புருஷனுக்கு எதிரே நின்றாள். அவள் சொல்லாமலே அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தன் வலது கையை நேராக நீட்டினாள்.

விரல்கள் அவருடைய இடது கன்னத்தில் போய் நின்றன.

டாக்டருக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு வலது, அவருக்கு இடது. தொண்ணூறு நாளும் அப்படியே.

நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி மனைவியை வெளியே உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்க வலது கன்னம் எதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

"மொத நாளே தெரியும் டாக்டரம்மா."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? கறுத்துப்போச்சே!"

"அது ஏற்கெனவே கறுத்ததுதானே."

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார்.

"தப்புன்னு சொன்னா டியூபை என் கையில திணிச்சிட்டுப் போயிருவா. இப்ப தெனமும் காலையில எதுக்க வந்து நின்னு, 'கண்ண மூடு'ன்னு சொல்றா."

டாக்டர் மறுபடியும் இரண்டாவது படத்தைப் பார்த்தாள்.

பட்டியலை எடுத்து, இருபதாம் எண்ணின் மேல் கோடு போட்டாள். காரணம் என்ற இடத்தில் 'பக்கம் மாறியது' என்று எழுதினாள். பேனாவை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

ஆராய்ச்சியிலிருந்து நீக்கிய முகத்துக்குக் கிரீம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

அலமாரியிலிருந்து நான்கு டியூப் எடுத்து மேசைமேல் வைத்தாள். சீட்டில், மனைவியும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'இரண்டு கன்னத்திலும். தினம் இரண்டு வேளை. இவர் தன் கையால் போட்டுக்கொள்ளவே கூடாது.'