தூக்கிய கை

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுரங்கத்துப் புகைக்கூண்டின் நிழல் ஈரப் புல்லின் குறுக்கே நீண்டு கிடக்க, வேலியோரம் தொத்திறைச்சி சுடும் மணம் வருகிறது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் கால்பந்தாட்டம். போலந்தின் முதல் பிரிவில் பதினான்கு வருஷம் தடுப்பாட்டக்காரனாக நின்று, முழங்கால் முறிந்து விலகிய கெரார்ட், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் பூட்ஸ் கட்டியிருக்கிறான். இதுவரை நடந்தே சமாளித்துவிட்டான். இப்போது எதிரணி ரூஃபின், தொப்பை குலுங்க, பந்தோடு அவனைத் தாண்டுகிறான். கெரார்டின் வலது கை தானாக மேலே போகிறது: ஆஃப்சைடு! அப்படிக் கை தூக்கிக் கொடியை வரவழைத்தே எத்தனை கோல்களைத் தடுத்தவன். கண் கோட்டோரம் துணை நடுவரின் கொடியைத் தேடுகிறது. அங்கே மடக்கு நாற்காலியில் மனைவி உர்சுலா மட்டும், குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு.

"என்னய்யா, பஸ்ஸ நிறுத்துறியா?" கோல்கீப்பர் அலோயிஸ் கத்துகிறான். "நம்ம ஆட்டத்துக்கு ஏதுய்யா கொடி? ஓடு!"

கெரார்ட் கையை இறக்குகிறான். முதல் எட்டு பயந்து விழுகிறது. அடுத்தது சேற்றைச் சிதறடிக்கிறது. மூன்றாவது எட்டில் அவன் ஓடுகிறான். உர்சுலாவின் கோப்பை நிரம்பி வழிகிறது, அவள் பார்க்கவில்லை. பெனால்டி கட்டத்துக்குள் சறுக்கி விழுந்து நீட்டிய அவன் பூட்ஸில் 'டப்'பென்று பட்டு, பந்து கோலுக்குப் பின்னாலுள்ள வேலி தாண்டிப் போகிறது. சேற்றில் மல்லாந்து கிடப்பவனின் கை மெல்ல மேலே எழுகிறது.

"ஐயோ, முழங்காலா?" உர்சுலா எழுந்துவிட்டாள்.

"முழங்காலுக்கு என்ன? பந்து ரூஃபின் மேல பட்டுத்தான் வெளிய போச்சு! அவங்களுக்குக் கார்னர் கிடையாது!"