பூர்வீகம் காரைநகர்

விஜயரட்ணம் இறந்துவிட்டதாகப் பேப்பரில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. துக்கம் கேட்டு வரும் போன் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரரு எப்படி இறந்தாரு?" ஜாசினிலிருந்து ஷாமினி என்ற பெண் கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நித்திரையில போயிட்டார் பிள்ளை," என்றாள் பராசக்தி.

"பேப்பர்ல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு. அந்தத் தேதி வியாழன் லா. அதான தப்பு?"

"சரியான விடை," என்று கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள் பராசக்தி. அடுத்த துப்பு பஸ் ஸ்டேஷனில் எந்தத் தூணில் ஒட்டியிருக்கிறது என்பதையும் படித்துவிட்டுப் போனை வைத்தாள்.

எல்லாம் ஒரு சினிமாவுக்காக. அடுத்த மாதம் வரப்போகிற பேய்ப் படத்துக்கு இப்படி ஒரு விளம்பரம். பேப்பரில் மரண அறிவித்தல் போடுவார்களாம், அதில் ஒரு தப்பு இருக்குமாம், கண்டுபிடிக்கிறவர்கள் விதவைக்குப் போன் செய்து துப்பு வாங்க வேண்டுமாம். அடியில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருந்தார்கள். அதை யார் படிக்கிறார்கள்?

விதவையாகப் பேசுவதுதான் பராசக்திக்கு வேலை. மலாக்கா டவுனில் ஒரு கடைக்கு மேலே அறை, ஒரு மேசை, பழைய போன் ஒன்று, சுவரில் பிளாஸ்டிக் மாலை போட்ட படம். விளையாட்டை நடத்துகிற நிவேந்திரன், வயதான குரல் வேண்டுமென்று தேடியபோது அவளாகவே வந்து சேர்ந்தாள்.

படத்தையும் அவளே கொண்டு வந்திருந்தாள். "பதினொரு வருசத்துக்கு முந்தி எடுத்தது. அதுக்குப் பிறகு அவரைப் படம் எடுக்கேல்ல."

"அங்கிளா?"

"ஓம்."

அதற்கு மேல் கேட்க நிவேந்திரனுக்கு வாய் வரவில்லை. "சொந்தக்காரங்க யாராச்சும் கோவிச்சுக்க மாட்டாங்களா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டான்.

"கோவிக்க ஒருத்தர் வந்தா நல்லதுதான்."

பாவம், யாருமில்லாத மனுஷி என்று நினைத்துக்கொண்டான். பெயர், வயது, நியாலாஸ் எஸ்டேட் ஆபீசில் பார்த்த வேலை எல்லாம் அவளே எழுதிக் கொடுத்தாள். 'பூர்வீகம்: யாழ்ப்பாணம், காரைநகர்' என்று ஒரு வரியும் இருந்தது.

"இது வேணுமா ஆன்ட்டி? எங்க தாத்தா ஊரே எனக்குத் தெரியாது."

"எங்கட ஆட்கள் அது இல்லாம அறிவித்தல் போடமாட்டினம் தம்பி. வாழ்நாள்ல ஒருக்காப் போய்ப் பாக்காட்டிலும், ஊர் பிழைச்சாப் பொறுக்கமாட்டினம்."

அவளுடைய நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நிவேந்திரன் விட்டுவிட்டான். போனில் பொட்டு தெரியவா போகிறது?

ஒரே ஒரு குறைதான் அவனுக்கு. "கொஞ்சம் அழுற மாதிரி பேசுங்க ஆன்ட்டி," என்று முதல் நாளே கெஞ்சினான்.

"வருகுதில்லை தம்பி. அது எப்பவோ மரத்துப் போச்சு."

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு லைனை நிறுத்தச் சொல்லி கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. காலையிலிருந்து பராசக்தி நான்காவது தடவையாகக் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் வைக்கேலாதோ?"

"எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க லா. இனிமே யாரு ஆன்ட்டி கூப்பிடப் போறா?"

"இன்னும் ஒராள் இருக்கலாம்."

அவனுக்குச் சங்கடமாக இருந்தது. பொய்க்காகவாவது நாலு பேர் அங்கிளைப் பற்றி விசாரித்தார்கள், நாளை முதல் அதுவும் இல்லை. வேறென்ன செய்வது என்று போனில் மாட்டியிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. பராசக்தி எடுத்தாள். வயதான ஆண் குரல், ஹலோகூடச் சொல்லவில்லை.

"அறிவித்தல்ல ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"பூர்வீகம் காரைநகர் இல்லை, வேலணை. பேப்பர்க்காரரிட்டச் சொல்லித் திருத்துங்கோ."

தப்பான விடைக்குப் படிக்க வேண்டிய வரி தாளில் இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

"சரி," என்றாள்.

 அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

பராசக்தியும் வைத்தாள். கோபம் வரும் என்று இருந்தாள், அழுகையாவது வரும் என்று இருந்தாள். இரண்டும் வரவில்லை. மேசையில் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்து முடித்தாள்.

"கடைசி ஆளும் வெள்ளிக்கிழமைதானா ஆன்ட்டி?" நிவேந்திரன் கேட்டான்.

"இல்லை. காரைநகர் பிழை, வேலணை எண்டு சொன்னார்."

"அது நம்ம லிஸ்ட்லயே இல்லையே. நீங்கதானே காரைநகர்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"ஓம். வேணுமெண்டுதான் பிழையா எழுதினன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் ஆன்ட்டி? யாரு பேசினது?"

பராசக்தி எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றினாள்.

"இவர்தான் தம்பி. வீட்டை விட்டுப் போனவர், பதினொரு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய் திறந்தவர்."