பத்தாவது வரிசைக்குக் கேக்கல

“இன்னும் கேக்கல தம்பி!”

பத்தாவது வரிசையில், தூணுக்குப் பின்னாலிருந்து துரையின் கை மட்டும் வெளியே நீண்டு ஆடியது. மேடையில் மைக் பிடித்து நின்ற இன்பராஜ் மறுபடியும் ஏணியைத் தூக்கினான். காலையிலிருந்து ஏழாவது தடவை.

மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் சமுதாயக் கூடத்தில் அன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். போன கூட்டத்தில், காது மந்தமான பழைய சுரங்கத் தொழிலாளிகள் பக்கத்து ஆள் கை தூக்கியதைப் பார்த்துத் தாங்களும் தூக்கிவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று தூக்கிய கை அது என்பது மறுநாள்தான் தெரிந்தது. இன்று அதை மாற்றியாக வேண்டும்.

அதற்காகத்தான் கூடத்தின் செயலாளர் ஜெசிந்தா, மைக் செட் போடும் இன்பராஜை வரவழைத்திருந்தார். அவன் சுவரில் மாட்டும் எமிட்டர், மைக்கில் பேசுவதைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வீசும். ஹெட்போன் அதை வாங்கிக் காதுக்குள் சொல்லும். நடுவில் தூண் மறைத்தால் பேச்சும் நின்றுவிடும்.

“துரையண்ணன் முப்பது வருசம் அண்டர்கிரவுண்டுல டிரில் மெஷின் புடிச்சவரு. பக்கத்துல இடி வுழுந்தாலும் கேக்காது. அவருக்குக் கேட்டுச்சின்னா ஊருக்கே கேட்ட மாதிரி” என்று சொல்லி, ஜெசிந்தாவே அவர் தலையில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்திருந்தார்.

இன்பராஜ் எமிட்டரை இடப்பக்கச் சுவருக்கு மாற்றினான். கூடத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மேடையின் இடது ஓரத்தில் நின்று மைக்கில் கேட்டான். “பெரியப்பா, பங்காருபேட்டை ரயில் போயிடுச்சா?”

“அது அப்பவே பூட்ச்சி!” என்றார் துரை, அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

இன்பராஜுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வரிசை வரிசையாக அவரை மாற்றி உட்கார வைத்தான். குனிந்து வயரைத் திருகிக்கொண்டே பேசினால் “கேக்கல” என்பார். எமிட்டரைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று பேசினால் பளிச்சென்று பதில் வரும். எல்லாம் கோணத்தில்தான் இருக்கிறது என்று இன்பராஜ் தன் திறமையை மெச்சிக்கொண்டான்.

நாலேமுக்காலுக்குள் துரை உட்கார்ந்து பார்க்காத நாற்காலி ஒன்றும் பாக்கியில்லை. எல்லா இடத்திலும் கேட்டாகிவிட்டது. “பக்காவா கீது, எல்லாரையும் வரச் சொல்லுங்க!” என்று ஜெசிந்தா போனில் பூரித்தார். வாசலில் கூட்டம் சேரத் தொடங்கியது. ஏணி இன்பராஜ் வந்த வேனில் ஏறி, வேனும் கிளம்பிப் போய்விட்டது.

துரையிடமிருந்து ஹெட்போனை வாங்கிய இன்பராஜ் அதை அணைக்கப் போனான். அது அணைந்துதான் இருந்தது.

“இத்த எப்ப ஆஃப் பண்ணீங்க பெரியப்பா?”

குனிந்தபடி கேட்டதற்குப் பதில் இல்லை. நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டான்.

துரை சிரித்தார்.

“ஆன் பண்ணாதானே ஆஃப் பண்றதுக்கு? நான் காலையிலேர்ந்து உன் வாயத்தானே பாத்துனு கீறேன்!”