மூன்று கை மாறிய கடிதம்

மில் ஜீப் வாசலில் நின்றதுமே வந்திருப்பது யாரென்று நஸீபாவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் இருக்கும் நூற்பாலையின் செக்யூரிட்டி ஆபீசர் சீனிச்சாமி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மீசை தெரிந்தாலே மில்லில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும்.

மாடியேறி வந்தவர் கதவைச் சாத்தினார். செல்போனை அவள் முன்னால் நீட்டினார்.

"இந்த லெட்டரைப் போட்டது யாரு?"

தொழிலாளர்கள் தங்கள் குறைகளை எழுத நஸீபா ராஜபாளையத்தில் நடத்திவரும் இணையதளத்துக்கு வந்த கடிதம் அது. பெண்கள் விடுதியை வெளியே பூட்டிவிடுகிறார்கள், தீப்பிடித்தால் நூற்றிருபது பேர் கதி என்ன என்று கேட்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்று எடுத்த பூட்டின் படமும் இருந்தது.

கடிதம் தளத்தில் வெளியான மூன்றாம் நாள் தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து பூட்டைக் கழற்ற வைத்தார்கள். எழுதிய ஆளை வேலையை விட்டுத் தூக்காமல் விடமாட்டேன் என்று மில் முதலாளி குதித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது, அண்ணாச்சி."

"உன் சைட்டு, உன் மெஷினு. உனக்கே தெரியாதா?"

"லெட்டரு டார்னு ஒரு நெட்வொர்க் வழியா வருது. மூணு கம்ப்யூட்டர் கை மாறித்தான் வரும். அதுல ஒண்ணுக்குக்கூட முழு வழியும் தெரியாது. சைட்டு ஓடுத இதே மெஷின்ல நானும் அப்படி ஒரு ரிலே ஓட்டுதேன். ஊர் பேர் தெரியாதவிய அனுப்புததை வாங்கி அடுத்த கைக்குக் கொடுப்பேன், அம்புட்டுத்தான்."

"மொதலாளி மெட்ராஸ்லருந்து கம்ப்யூட்டர் ஆளைக் கூட்டியாந்தா?"

"இந்த மெஷினையே தூக்கிட்டுப் போனாலும் பேரு கிடைக்காது."

"போலீஸ் கேட்டா?"

"அவியளுக்கும் இதே பதில்தான்."

சீனிச்சாமி அவளையே உற்றுப் பார்த்தார். நஸீபா பார்வையை விலக்கவில்லை.

"பேரு தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அண்ணாச்சி."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் நெற்றியையும் பிடரியையும் அழுந்தத் துடைத்தார். மீசைக்குள் மெல்ல ஒரு சிரிப்பு தெரிந்தது.

"நல்லது தாயி. அப்ப கேன்டீன் சாம்பாரைப் பத்தியும் ஒண்ணு எழுதிப் போட்டுருதேன்."