மெஷினுக்கே தண்ணி காட்டியவர்

“மேடம், தண்ணி இருக்குன்னு மட்டும் எழுதிடுங்க. எத்தனை அடியில இருந்தாலும் பரவாயில்ல” என்று கெஞ்சினார் வீட்டுக்காரர்.

“முதல்ல கம்பியை அடிக்க விடுங்க” என்றார் அதிகாரி.

நிலத்தடி நீர் ஆபீசிலிருந்து வந்திருந்தார் அந்த அம்மாள். ஐம்பதைத் தாண்டிய வயது, தடித்த கண்ணாடி, சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோல் ஒரு முகம். கூட வந்த இரண்டு ஆட்கள், வீட்டுக்குப் பின்னால் இருந்த வறண்ட நிலத்தில் நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சின்ன ஆபீசர் யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். நீங்களே வந்துட்டீங்க!”

“மனுவுல உங்க பேரைப் பாத்தேன். வந்தேன்.”

வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “இந்தப் பெட்டி என்ன பண்ணும், மேடம்?”

“மண்ணுக்குள்ள கரண்ட் விடும். ஈரம் இருந்தா கரண்ட் சுலபமா ஓடும், நம்பர் குறையும். காஞ்ச பாறைன்னா ஏறும். கம்பியைத் தள்ளித் தள்ளி அடிச்சா இன்னும் ஆழத்துல என்ன இருக்குன்னு தெரியும். அரை வாளி உப்புத் தண்ணி குடுங்க.”

“குடிக்கவா?”

“கம்பிக்கு. மண்ணு இவ்வளவு காஞ்சிருந்தா கரண்ட் உள்ள இறங்காது.”

தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே தண்ணீர் வேண்டுமாம். வீட்டுக்காரரின் மனைவி டிரம்மிலிருந்து அளந்து மொண்டு, உப்பைக் கரைத்து, மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டி இருநூற்றுப் பத்து காட்டியது. கம்பிகளைத் தள்ளி அடித்தார்கள். முந்நூற்று நாற்பது. இன்னும் தள்ளி அடித்தார்கள். ஐந்நூற்று எண்பது.

“ஏறுதே, மேடம்!”

“ஏறுது.”

வீட்டுக்காரர் பெட்டியை மறுபடி எட்டிப் பார்த்தார். மகன் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று கொஞ்ச நாளாகவே பயம். அதிகாரியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. பையனுக்கு முப்பத்திநாலு ஆகுது. ஏழு இடம் வந்துச்சு. தண்ணியில்லாத வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டோம்னு ஏழு பேரும் போயிட்டாங்க. இது எட்டாவது. நாளைக்கு வீடு பாக்க வராங்க. பொண்ணு தங்கமாம். பொண்ணோட அம்மாதான்…”

“அம்மாவுக்கு என்ன?”

“ராட்சசி, மேடம்! நான் நேர்ல பாத்ததில்ல, தரகர் சொன்னாரு. ஏதோ ஆபீஸ்ல பெரிய உத்தியோகமாம். புருஷன்காரர் அந்தம்மாவைக் கேக்காம தும்மக்கூட மாட்டாராம். போர் போட்டா தண்ணி வரும்னு முத்திரை போட்ட பேப்பரைக் காட்டினாத்தான் வாயை மூடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க.”

“இது எத்தனாவது?”

“சத்தியமா இதுதான் முதல் பொய். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும் அப்படியே இருக்கு.”

அதிகாரி சிரிக்கவில்லை. முதலில் அடித்த இடத்திலேயே கம்பிகளை மறுபடி அடித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு, நிலத்தின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பினார்.

இப்போது பெட்டி பதினெட்டு காட்டியது.

“பாத்தீங்களா! இறங்கிடுச்சு!” என்று குதித்தார் வீட்டுக்காரர். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

அதிகாரி குனிந்து, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “அரை அடிக்குத் தண்ணி இருக்கு. நீங்க ஊத்தின உப்புத் தண்ணி. அதுக்குக் கீழ பாறை.”

காலி டிரம்மைப் பார்த்துவிட்டு மனைவி ஓடிவந்தாள். “அடப்பாவி மனுஷா! ரெண்டு நாள் தண்ணி! மெஷினுக்கே தண்ணி காட்டப் பாத்தீங்களா?”

அந்த நேரத்தில்தான் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குழாயில் பிடித்த தண்ணீர், பின்னால் கேன்களில் தளும்பியது. விஷயத்தைக் கேட்டான். அப்பாவை முறைத்தான்.

“இல்லைன்னா இல்லைன்னே எழுதுங்க, மேடம். நாளைக்கு வரவங்ககிட்ட நானே அதைக் குடுக்கறேன்.”

“டேய், எட்டாவதும் போயிடும்டா!” வீட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

“போகட்டும்ப்பா. வந்தப்புறம் தாகம் எடுத்தா, உங்க பொய்யையா மொண்டு குடிப்பா?”

அதிகாரி சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “வீட்டுல மூணு பேர்தானே? நாலு கேன் தொங்குது?”

“நாலாவது கொக்கி நேத்துதான் வெல்டிங் வெச்சேன். ஒருவேளை அவங்க சம்மதிச்சா வேணுமேன்னு…” பையன் தலையைக் குனிந்துகொண்டான். “தண்ணி எடுத்துட்டு வர்றது எப்பவும் நான்தான், மேடம். வரவங்க தூக்க வேண்டாம்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். பெட்டியின் மேல் பேப்பரை வைத்து, ‘முந்நூறு அடி வரை நீர் கிடைக்க வாய்ப்பில்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

வீட்டுக்காரர் அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது. இதைப் பாத்தா அந்தப் பொம்பளை என்ன சொல்லுமோ!”

ஆட்கள் ஒயரைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எழுந்திருங்க, மண்ணு சுடும்” என்றார். “நாளைக்குப் பத்து மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் பேசி முடிக்க வரோம், சம்பந்தி.”