கடைசியாகத் தொட்டவர்

"வெனிங் அக்கா இனிமே பதிப்பு வெளியிடக் கூடாது. இப்பவே ஓட்டுக்கு விடுங்க!"

பிரமுத்யா மேஜையில் அடித்த அடியில் மெந்தோவான் பஜ்ஜித் தட்டு ஒரு துள்ளு துள்ளியது. வீட்டிலிருந்து பைக்கில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் அது.

வெனிங்கின் மடியிலிருந்த குழந்தை பச்சை மிளகாயை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவள் மிளகாயைத் தள்ளி வைத்தாள்.

செமாராங் நகரைச் சுற்றி நடக்கும் குழந்தை எடை முகாம்களுக்காக இவர்கள் எழுதுவது ஒரு இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். சம்பளம்? மாதம் ஒருமுறை இந்தக் கடையில் லூக்காஸ் அண்ணன் வாங்கித் தரும் டீயும் மெந்தோவானும்தான். எல்லாரும் எழுதியதைச் சேர்த்து, சோதித்து, புதுப் பதிப்பாக வெளியிடுவது வெனிங்கின் பொறுப்பு.

"அவ என்னப்பா குத்தம் பண்ணா?" என்றார் லூக்காஸ். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் அவர்தான்.

"ஒண்ணா ரெண்டா? ஒரு பதிப்புல நாலு கிலோ குழந்தை நாப்பது கிலோன்னு காட்டுச்சு. இன்னொண்ணு, பிறக்கறதுக்கு முந்தின வாரமே தடுப்பூசி போடச் சொல்லுச்சு. போன பதிப்புல ஆம்பளப் பிள்ளைக்கெல்லாம் பிரசவத் தேதி குறிச்சுக் குடுத்துச்சு!"

லூக்காஸ் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

"சிரிக்காதீங்கண்ணா. பெத்தவங்க நம்பித்தானே பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க?"

"அதான் அன்னிக்கே திருத்திட்டேனே தம்பி," என்றாள் வெனிங் மெதுவாக.

"திருத்தினீங்க சரி. தப்பு யாருது?"

பிரமுத்யா மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். கெட்டுப்போன பழைய பதிப்புகளைத் திறந்து, தப்பான வரியின் மேல் அம்பை வைத்தான். வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் பக்கத்தில் வரும். மூன்று வரியிலும் வெனிங், வெனிங், வெனிங்.

"இது போதாதுன்னு, வெளியிடறதுக்கு முந்தி எல்லாரோட வரியையும் நோண்டறாங்க. இங்க ஒரு இடைவெளி, அங்க ஒரு இடைவெளி. பைசா பிரயோஜனம் இல்லாத நோண்டல்!"

"பழக்கமாயிடுச்சு."

"இப்படி வரி எழுதற கையில கீபோர்டையே குடுக்கக் கூடாதுண்ணா. தட்டு கழுவத்தான் லாயக்கு!"

வெனிங்கின் முகம் சுண்டிப்போனது. "சரிப்பா. இனிமே நீயே பார்த்துக்க," என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரும்மா," என்றார் லூக்காஸ். "ஏம்ப்பா பிரமுத்யா, இவ இடைவெளி விடறதுக்கு முன்னாடி அந்த வரி யாருது?"

"அதெல்லாம் எதுக்குண்ணா?" வெனிங் பாய்ந்து வந்து மடிக்கணினியை மூடப் போனாள். "விட்டுடுங்க. நான் போறேன்னு சொல்லிட்டேன்ல?"

இந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் பிரமுத்யாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதையும் பார்த்துடலாமே!"

தட்டினான். ஒரு பெயர் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வரிக்குத் தட்டினான். அப்புறம் மூன்றாவதற்கும். அதே பெயர்தான்.

காது இரண்டும் சிவந்துவிட்டன.

வெனிங் பெருமூச்சு விட்டாள். "போன வருஷம் நம்மளோட எழுதிட்டிருந்த ஃபித்ரியாவை ஊரே சேர்ந்து திட்டித் தீர்த்துச்சு, ஞாபகம் இருக்காண்ணா? ஒரே ஒரு வரி தப்பு. அதோட போனவதான். வரி கெட்டா சாயங்காலத்துக்குள்ள திருத்திடலாம். ஆள் போனா எங்க போய்த் தேடறது? அதான் எல்லா வரியையும் ஒரு தடவை தொட்டு வச்சுடறேன். திட்டெல்லாம் எனக்கே வரட்டும். என் மாமியார் திட்டாததையா இவங்க திட்டிடப் போறாங்க?"

"அது இருக்கட்டும்மா," என்றார் லூக்காஸ். "பேரு என்னன்னு சொல்லுப்பா."

பிரமுத்யா மேஜையில் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, கடையின் பின்பக்கக் குழாயடியை நோக்கி நடந்தான்.