பொட்டால் போன சோறு

"பிள்ளையாராணை மிஸ், நீங்கள் தந்த அரிசியிலை ஒரு மணியும் வீணாக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அடுப்பிலை ஏத்துறனான்."

ஜெயகௌரி சத்தியம் செய்தாள். தனுசியாவின் கையிலிருந்த கருவி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஜெயகௌரியின் மகன் டிலக்ஷனின் விரல்நுனியில் எடுத்த இரத்தத் துளியில் ஹீமோகுளோபின் அளவு போன முறையை விடவும் இறங்கியிருந்தது. பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுகிற பையன். இன்னும் இறங்கினால் ஆசுபத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டி வரும்.

அது இரும்புச்சத்துக் கூடுவதற்காக மரபணு மாற்றிய அரிசி. பல்கலைக்கழக வளாகத்து ஆராய்ச்சிக்காகச் சண்டிலிப்பாயில் சில வீடுகளுக்குத் தனுசியாதான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அரிசியில் பிழையா, அளவில் பிழையா?

குழப்பத்தோடு பக்கத்து வளவுக்குப் போய் உதயகலாவின் மகளின் விரலையும் குத்திப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அரிசி கொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பிள்ளை. அவளுக்கோ அளவு கிடுகிடுவென்று ஏறியிருந்தது.

"அக்கா, பிள்ளைக்கு அப்பிடி என்ன குடுக்கிறியள்?"

"நானெங்கை குடுக்கிறது? உந்தப் புண்ணியவதியெல்லோ குடுக்கிறா!" உதயகலா வேலியைக் காட்டினாள். கிளுவை வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு. "எல்லைச் சண்டையிலை என்னோடை முகம் முறிச்சவ. நீங்கள் அரிசி குடுத்த நாள் தொடக்கம் மத்தியானமானால் உதாலை சோத்துக் கோப்பையை நீட்டுறா. 'உன்ரை மகளுக்குக் குடு, பாவம் பிள்ளை' எண்டு. மனிசர் திருந்துவினம்தானே, மிஸ்."

தனுசியா அந்தப் பொட்டாலேயே திரும்பி வந்தாள். ஆராய்ச்சி கெட்ட எரிச்சல் ஒரு பக்கம். இப்படியும் ஒருத்தியா என்ற வியப்பு மறுபக்கம்.

"என்னக்கா, உங்கடை பிள்ளை வெளிறிப்போய்க் கிடக்க, ஊருக்குத் தானமோ? உவன்ரை கோப்பையிலை போடுறதுக்கெல்லோ தந்தனான்!"

ஜெயகௌரி வேலிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், உதயகலாவின்ரை பெட்டையை வடிவாச் சோதிச்சியளோ?"

"ஓம்."

"சொறி, சிரங்கு, வயித்துக்குத்து?"

"ஒண்டுமில்லை. நல்ல சுகமாயிருக்கிறாள்."

ஜெயகௌரி நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப பயமில்லை. இண்டையிலையிருந்து என்ரை பிள்ளைக்கும் போடுறன்."